கார்டன் அறையும் அம்மாவின் கட்டிலும்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் பக்கம் எங்கள் ஆக்கள் கூடும் இடமெல்லாம் கார்டனில் அறை கட்டும் கதைதான். கூடவே பில்டர் சொன்ன வசனமும் வரும்: “ரெண்டரை மீட்டருக்குள்ள கட்டினா கவுன்சிலிட்ட ஒண்டும் கேக்கத் தேவையில்லை அண்ணை.”

பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான் உண்மை. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு கட்டடத் திட்டமிடல் ஆணைப்படி, வீட்டின் முகப்புக்கு முன்னால் வராமல் ஒரே தளமாகக் கட்டினால் உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடம் தனி அனுமதி வேண்டாம். கூரை விளிம்பு 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. இருபக்கமும் சரியும் கூரை என்றால் உச்சி 4 மீட்டர், மற்றவை 3. வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரமே 2.5தான். மூல வீட்டைத் தவிர்த்து மிச்சக் காணியில் பாதிக்கு மேல் கட்டடம் நிற்கவும் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூல வீடு என்றால் 1948 ஜூலை 1இல் இருந்த வீடு, அதற்குப் பிறகு கட்டியதென்றால் முதலில் கட்டியபடி. உங்களுக்கு முன்னால் இருந்தவர் இழுத்துக் கட்டிய குசினியும் அந்தப் பாதிக்குள் அடங்கும். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. சில புது எஸ்டேட்டுகளில் முதல் அனுமதியிலேயே இதைப் பறித்து வைத்திருப்பார்கள்.

அளவெல்லாம் சரி, உள்ளே என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டு வாழ்க்கைக்குத் துணையான பாவனை மட்டும்தான் அனுமதி. ஜிம், ஸ்டோர், சாமியறை, பிள்ளை படிக்க ஒரு மேசை, நீச்சல் குளம்கூடப் பரவாயில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா அங்கே இரவில் படுப்பதற்கென்று ஒரு கட்டில், பக்கத்தில் ஷவர், மூலையில் அடுப்பு என்று போனால் அது வேறு கதை. பிளானில் ‘ஜிம்’ என்று எழுதிவிட்டு டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமும் சிங்க்கும் வைத்த அறைகளை நானே பார்த்திருக்கிறேன். ட்ரெட்மில்லை மட்டும் எங்கும் காணவில்லை.

இந்தக் கட்டுப்பாடு எனக்குக் கொடுமையாகத் தெரியவில்லை. கொட்டிலுக்குள் ஆட்களை அடைத்து வாடகை வாங்கும் கூத்து முற்றித்தான் 2013இல் லண்டனுக்குப் பக்கத்து ஊரான ஸ்லவ்வின் கவுன்சில், ஆள் வசிக்கும் கொட்டில்களைக் கண்டுபிடிக்க வெப்பப் படம் எடுக்கும் விமானமே பறக்கவிட்டது. அந்த அறைகளில் குளிரில் கிடந்தவர்களில் எங்களைப் போல வந்தவர்களும்தான் இருந்தார்கள்.

“பத்து வருசம் ஆரும் கேக்காட்டி பிரச்சினையில்லை” என்று இன்னொரு ஆறுதலும் சொல்வார்கள். 2024 ஏப்ரல் வரை, அனுமதியில்லாத கட்டடத்துக்கும் அதைத் தனி வீடாக மாற்றுவதற்கும் கவுன்சில் நடவடிக்கை எடுக்க நாலு வருடம்தான் கணக்கு. அதற்குப் பிறகு முடித்தது எல்லாவற்றுக்கும் பத்து. ஆனால் மறைத்துக் கட்டியவருக்கு அந்தக் கணக்கும் கைகொடுக்காமல் போகலாம். வைக்கோல் களஞ்சியம் என்று அனுமதி வாங்கி உள்ளே வீடு கட்டி வாழ்ந்த ஒருவருக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது.

அம்மாவுக்குத்தான் அறை என்றால் அம்மாவுக்கு என்றே எழுதி முழு அனுமதிக்குப் போடுங்கள். சும்மா ஜிம்தான் என்றாலும், சட்டப்படி சரியென்று கவுன்சில் தரும் சான்றிதழை எடுத்து வையுங்கள். கட்டணம் சாதாரண விண்ணப்பத்தில் பாதிதான், நாளைக்கு வீடு விற்கும்போது சொலிசிட்டர் கேட்கப் போவதும் அந்தக் கடதாசியைத்தான். முற்பணம் கொடுக்க முதல் பில்டரிடம் அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் வேண்டாம் அண்ணை” என்றால் வேறு ஆளைப் பிடியுங்கள்.