முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா?

படிக்காத புத்தகம் எவ்வளவோ கிடக்க, முடிவு தெரிந்த மாயாஜாலக் கதையை மறுபடி புரட்டுவது நேர விரயம் என்கிறீர்கள். துப்பறியும் கதைக்கு வேண்டுமானால் அது ஓரளவு சரி. ஃபேண்டஸியில் முதல் தடவை பாதி கவனம் பெயர்களிலேயே போய்விடும், எந்த ராஜா யாருக்கு மகன், மலைக்கு அந்தப் பக்கம் எந்த நாடு, இதற்கு நடுவில் அடுத்து என்ன ஆகுமோ என்ற பரபரப்பு வேறு, வர்ணனை வந்தாலே கண் தானாகத் தாவிவிடும். இரண்டாம் முறைதான் அந்த உலகத்தில் நிதானமாக நடக்கவே முடிகிறது.

ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தில் (2003) ஒரு பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று பத்தோடு பதினொன்றாக வந்துபோகும். முதல் வாசிப்பில் யார் அதைக் கவனித்தார்கள்? அந்த லாக்கெட்டைத் தேடித்தான் ஹாரி அலையும் ஏழாவதை (2007) முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்த வரியில் தூக்கிவாரிப்போடும். அட, இங்கேயே இருந்திருக்கிறதே!

அவ்வளவு ஏன், ஆங்கில ஃபேண்டஸி எழுத்தாளர் டோல்கீனே தன் பழைய புத்தகத்துக்குத் திரும்பிப் போனவர்தான். 1937இல் வந்த அவருடைய ‘ஹாபிட்’ நாவலில், விடுகதைப் போட்டியில் தோற்றால் கொல்லம் (Gollum) என்ற குகைவாசி தன் மோதிரத்தைப் பரிசாகவே கொடுப்பதாக இருந்தது. அதே மோதிரத்தை வைத்துப் பிறகு எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய கதைக்கு அது ஒத்துவரவில்லை, 1951 பதிப்பில் மாற்றிவிட்டார். அப்புறம், எல்லாப் புத்தகமும் மறுவாசிப்பைத் தாங்காது என்பதும் உண்மைதான், திருப்பத்தை மட்டும் நம்பி எழுதியவை பல்லிளித்துவிடும். அவற்றை நீங்கள் பட்டியல் போட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.