அது வெடிப்பில் கிளம்பிய தூசி அல்ல

இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றானால் சுற்றிலும் வாயுவும் தூசியும் மிஞ்சும் என்று விளக்கிய கட்டுரை அருமை. ஒரு திருத்தம் மட்டும். அப்படி ஒன்றான வி838 மொனோசெரோட்டிஸ் என்ற விண்மீனின் படத்துக்குக் கீழே 'வெடிப்பில் வீசப்பட்ட தூசி விரிகிறது' என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. 2002இல் அந்த விண்மீன் மின்னிய ஒளி, முன்னமே அங்கே கிடந்த தூசியில் பட்டுப் பட்டு வெளியே போனதைத்தான் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி படம் பிடித்தது. ஒளி எதிரொலி என்பார்கள். மாங்குளம் பக்கம் இரவில் டிராக்டர் கிளப்பிவிட்டுப் போன செம்மண் புழுதியில், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் லைட் அடிப்பதைப் பாருங்கள். புழுதி நின்ற இடத்திலேயே நிற்கும், வெளிச்சம்தான் ஓடும். விண்மீன்கள் கலந்தபோது வெளிவந்த தூசி வேறு. அது விண்மீனை ஒட்டி நின்று அதையே மூடிவிடும்; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில்தான் தேட வேண்டும்.

இப்படி ஒன்றான இன்னொரு விண்மீன், வி1309 ஸ்கோர்ப்பியையும் சேர்த்திருக்கலாம். 2008இல் வெடித்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டினால், சுமார் 1.4 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிய விண்மீன் சோடி வரவர நெருங்கியது தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட சங்கதி!

தை மாத இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் திருவாதிரைக்குத் தென்கிழக்கே வி838 இருக்கும் திசை தெரியும். வெறுங்கண்ணுக்கு அங்கே இருட்டுத்தான்.