வெலிகா பிளானினா கைவிடப்பட்ட கிராமம் அல்ல

“ஆல்ப்ஸ் மலையில் ஆளில்லாத கிராமம், 500 ஆண்டுகளாக மாறாத மரவீடுகள்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மைதான், சொல்லும் கதை தவறு.

அது ஸ்லோவேனியாவில் கம்னிக் நகருக்கு மேலே, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள வெலிகா பிளானினா. ‘பெரிய மேய்ச்சல் மலை’ என்று பொருள். மேய்ச்சல் மரபு பல நூறு ஆண்டுகள் பழையது. ஆனால் இப்போது நிற்கும் குடில்கள் அப்படியல்ல. 1945-இன் தொடக்கத்தில் ஜெர்மன் படை அவற்றை எரித்தது. போருக்குப் பின் இடையர்கள் திரும்பவும் கட்டினார்கள்.

பழைய குடில் நீள்வட்ட வடிவம். மரச்சில்லுக் கூரை ஏறக்குறைய தரை வரை இறங்கும். நடுவில் மனிதர்கள், சுற்றிலும் அதே கூரைக்கடியில் மாடுகள். எவ்வளவு அழகான ஏற்பாடு! அந்த வடிவத்தை இன்று பிரெஸ்கர் குடிலில் பார்க்கலாம், அது ஒரு சிறு அருங்காட்சியகம்.

சரி, ஆளில்லாத ஊரா? அதுவும் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாடுகளும் இடையர்களும் அங்கேதான். ‘டெர்னிச்’ என்ற பேரிக்காய் வடிவப் பாலாடைக்கட்டியை இப்போதும் செய்கிறார்கள். முன்பு அதை ஜோடியாகச் செய்து, ஒன்றைக் காதலிக்குக் கொடுப்பார்களாம். குளிர்காலத்தில் எடுத்த படத்தில் மாடு தெரியாததால், ஊரே காலி என்று எழுதிவிட்டார்கள்.