ரைபோசோம் மரபணுக்கள் ஒரே ஓபரானில் இல்லை

மாணவர்களிடையே பகிரப்படும் ஒரு தேர்வுக் குறிப்பு, பாக்டீரியாவில் ரைபோசோமின் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆர்.என்.ஏ., புரதம் ஆகிய இரண்டுக்குமான மரபணுக்கள் ஒரே ஓபரானில் (ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுப்பு) ஒரே படியாக (நகலாக) அமைந்துள்ளன என்கிறது. கடலூரில் நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், இதைப் பணிவுடன் திருத்த விரும்புகிறேன். புதுச்சேரி மாணவர்கள் பலர் இதை அப்படியே எழுதிவைத்துக் கொள்வதைக் காண வருத்தமாக உள்ளது.

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் கே-12 வகையில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு 7 ஓபரான்கள் குரோமோசோமில் வெவ்வேறு இடங்களில் உள்ளன. ஒவ்வொன்றிலும் 16எஸ், 23எஸ், 5எஸ் எனப்படும் மூவகை ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களின் மரபணுக்கள் அதே வரிசையில் அமைய, இடையே கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களும் வருகின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் மரபணுக்களோ இவற்றிலிருந்து விலகி, எஸ்10, எஸ்பிசி, ஆல்பா, எஸ்டிஆர் முதலிய தனி ஓபரான்களில், பெரும்பாலும் ஒற்றைப் படியாகவே உள்ளன. ஒரு தூது ஆர்.என்.ஏ.விலிருந்து புரதத்தைப் பலமுறை உருவாக்கிக்கொள்ளலாம், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வோ தானே இறுதிப் பொருள் என்பதால், வேகமாகப் பெருகும் செல்லுக்குப் பல படிகள் தேவைப்படுகின்றன. மெதுவாக வளரும் காசநோய்க் கிருமியில் அத்தகைய ஓபரான் ஒன்றுதான் உண்டு. ஆயினும் அதில் புரத மரபணுக்கள் சேர்ந்திருப்பதில்லை.

என்.சி.பி.ஐ. என்னும் அமெரிக்க உயிரித் தகவல் மையத்தின் தளத்தில் ஈ. கோலை கே-12இன் எம்ஜி1655 என்னும் உட்பிரிவின் மரபணுத் தொகுதியை எவரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். அதன் மரபணுப் பட்டியலில் 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களைத் தேடினால் 7 கிடைக்கும். 5எஸ் மட்டும் 8 இருக்கும், ஏனெனில் டி என்னும் ஓபரானில் அது இருமுறை வருகிறது. பிறகு எஸ்10 புரதத்தின் மரபணுவைத் தேடி, அதன் இட எண்ணை இவற்றின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.