ஃபிஷர் முதலில் நகர்த்தியது டி4 அல்ல

1972-இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கிக்கு எதிராக நடந்த உலகச் சதுரங்கப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் வாழ்நாளில் முதன்முறையாக ஈ4-ஐ (ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்துவது) கைவிட்டு டி4 (ராணியின் முன்னுள்ள சிப்பாயை அவ்வாறே நகர்த்துவது) ஆடினார் என்றும், அதோடு ஸ்பாஸ்கி கறுப்புக் காய்களுடன் ஆடிய டார்டகோவர் தடுப்பு என்ற தற்காப்பு முறை செல்லாக்காசாகிவிட்டது என்றும் சொல்லப்படுவது சரியன்று.

அந்த ஆட்டத்தில் அவருடைய முதல் நகர்வு சி4 (ராணிப் பக்க பிஷப்பின் முன்னுள்ள சிப்பாய்). ராணிச் சிப்பாய் டி4-க்கு வந்தது மூன்றாவது நகர்வில்தான், அதன் பிறகே ஆட்டம் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் (வெள்ளை தர முன்வரும் சி-சிப்பாயைக் கறுப்பு ஏற்க மறுக்கும் தொடக்கம்) வடிவத்தை எடுத்தது. சி4-உம் அவருக்குப் புதிதல்ல: 1970-இல் பால்மாவில் நடந்த இன்டர்சோனல் (உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்று) போட்டியின் கடைசிச் சுற்றில் அவர் அதை ஆடியபோது, எதிராளி பன்னோ ஒரு காயைக்கூடத் தொடாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

தடுப்பைப் பற்றிய கூற்று இன்னும் பிழையானது. ஃபிஷர் பதினான்காவது நகர்வில் பிஷப்பை பி5-இல் வைத்தபோது ஸ்பாஸ்கி ஏ6 என்று பதிலளித்து, பின்னர் சி5, டி5 சிப்பாய்களைக் காக்கத் திணறி, 41-ஆம் நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்பது உண்மையே; ஆனால் அதே நிலையில், மறு ஆண்டே, டிம்மனுக்கு எதிராகக் கெல்லர் ராணியை பி7-க்கு நகர்த்திக் கறுப்புக் காய்களுடன் வென்றார். செல்லாத தடுப்பாக இருந்திருந்தால், 1984-இல் தொடங்கிய உலகப் போட்டியில் கார்ப்போவும் காஸ்பரோவும் அதை மீண்டும் மீண்டும் ஆடியிருக்க மாட்டார்கள்.