ஃப்ளெகி சொன்னது அதற்கு நேர் எதிர்

"12 வயதுக்கு மேல் புது மொழியின் ஒலிகள் வராது, ஜேம்ஸ் ஃப்ளெகி நிரூபித்துவிட்டார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள் நண்பரே. பருவ வயதோடு மொழி கற்கும் கதவு மூடிவிடும் என்றது 1967இல் லென்னபெர்க் என்ற மொழி ஆய்வாளர். பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்த பேச்சொலி ஆய்வாளர் ஃப்ளெகி, பல காலம் அதை மறுத்தே எழுதினார். ஒலி கற்கும் திறன் ஆயுள் முழுக்க இருக்கும் என்பதுதான் அவருடைய 1995 கோட்பாடு.

சரி, வயதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. கனடாவில் குடியேறிய 240 இத்தாலியரின் ஆங்கிலத்தை அவர் குழு ஆராய்ந்தபோது, வந்த வயது கூடக்கூட உச்சரிப்பில் அயல் வாடையும் கூடியது. ஆனால் படிப்படியாக, 12இல் சட்டென்று ஒரு பள்ளம் விழவில்லை.

எனக்குப் பிடித்தது அவருடைய 1987 ஆய்வு. பிரெஞ்சில், உதட்டை ஊவுக்குக் குவித்துக்கொண்டு ஈ சொல்வது போல ஓர் உயிரொலி உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத அதை, பிரெஞ்சில் நன்கு பழகிய அமெரிக்கர்கள் சரியாகவே சொன்னார்கள். சறுக்கியது தெரிந்த ஒலிபோலத் தோன்றும் சாதாரண 'ஊ'வில்! அதே ஆய்வில், சிகாகோவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கோ, தாய்மொழி 'ட்' ஒலியே ஆங்கிலப் பக்கம் நகர்ந்திருந்தது. கதவு மூடியிருந்தால் இது எப்படி நடக்கும்?