ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா!

"கட்டுரை ரெடிம்மா. சும்மா ஏத்திவிட்டு, கொஞ்சம் அழகு பண்ணிக் குடுத்தாப் போதும். ரெண்டு நிமிஷ வேலைதானே?"

இந்த ரெண்டு நிமிஷம் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று யாராவது காட்டுங்கள், நானும் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிய ரெண்டு நிமிஷம் மதியச் சாப்பாட்டைத் தாண்டி, வெயில் இறங்கிய பிறகும் முடிந்தபாடில்லை.

வலைத்தளம் சாருடையது. ரிட்டையர் ஆனதும் பயணக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொந்தமாக ஆரம்பித்திருக்கிறார். ரொம்ப நல்ல விஷயம். ஊர் சுற்றுவது அவர், எழுதுவது அவர், பாராட்டு வாங்கப்போவதும் அவர். எழுத்தை வரிசையாக நிறுத்துகிற அலைன்மென்ட் மட்டும் எப்படி என் குலத்தொழில் ஆனது? உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரியப்பாவாகவோ, மேல்மாடி அங்கிளாகவோ, அலுவலகத்தில் உங்களுக்கு மேலே இருப்பவராகவோ. இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்த வேர்டு ஃபைலைப் போனிலேயே திறந்தேன். முதல் வரியில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அனுபவப்பட்டவர்களுக்கு இந்நேரம் வயிறு கலங்கியிருக்கும். ஆமாம், பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்ட். அந்த ஐந்தும் சேர்ந்தால்தான் பாமினியில் 'தமிழ்'.

"சார், இது பாமினில இருக்கு."

"ஆமாம்மா, தமிழ்லதான் இருக்கு."

"தமிழ்ல இல்ல சார், பாமினில இருக்கு."

"பாமினியும் தமிழ்தானேம்மா? என் கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதே?"

தெரியும் சார். உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும். ஏனென்றால் அது உள்ளே இங்கிலீஷ் எழுத்து, மேலே பாமினி பூசியிருக்கிறது. அந்த ஃபான்ட் இல்லாத போனில் திறந்தால் சாயம் வெளுத்துவிடும். நாளைக்கு ஒருவர் கூகுளில் கொல்லிமலை என்று தேடினால் உங்கள் கட்டுரை கிடைக்கவே கிடைக்காது. உங்கள் கொல்லிமலை கம்ப்யூட்டரின் கண்ணுக்கு 'என்எஃப்எச்ஒய்' என்று தொடங்கும் ஏதோ ஓர் உளறல். அப்படித் தேடுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

இதெல்லாம் நேற்று முளைத்த பிரச்சினையா? 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். விண்டோஸ் 2000லேயே எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டுகிற யூனிகோடு குறியீட்டுக்கு லதா என்ற ஃபான்ட் வந்து இறங்கிவிட்டது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அரசாணைக்கே மசியாத பாமினி என் பேச்சுக்கா மசியப்போகிறது? இத்தனைக்கும் விரல் பழக்கத்தைக்கூட மாற்ற வேண்டாம். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. அதே விரல், அதே விசை, திரையில் விழுவது மட்டும் யூனிகோடு. இதை அவரிடம் சொன்னால், "அடுத்த கட்டுரைக்குப் பார்த்துக்கலாம்மா." போன கட்டுரைக்கும் இதே பதில்தான்.

சரி, தொலையட்டும் என்று பாமினியை யூனிகோடாக்கும் கன்வர்ட்டரில் போட்டேன். சார் நடுநடுவே இங்கிலீஷ் சொற்களை அப்படியே இங்கிலீஷில் அடித்திருக்கிறார். அது பாவம் கன்வர்ட்டருக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் பாமினி என்று நம்பி மாற்றிவிட்டது. கட்டுரையில் இப்போது சாரும் மனைவியும் நாமக்கல்லில் "டிரள" ஏறுகிறார்கள். வளைவுகளில் அவர் மனைவிக்குத் தலை சுற்றுகிறது. மலைமேல் இறங்கியதும் "னழஉவழச" ஒருவரைத் தேடி ஓடுகிறார்கள். பஸ்ஸும் டாக்டரும்! இதை எடுத்துப் படியுங்கள் பார்ப்போம். னழஉவழச. எனக்கே பல் சுளுக்கிக்கொண்டது. இப்படிப் பக்கத்துக்குப் பக்கம். ஒவ்வொன்றையும் விசைப்பலகையில் பின்னோக்கித் தட்டிப் பார்த்து, இன்ன சொல்லாக இருக்கும் என்று ஊகித்து... நான் படித்த படிப்புக்கு இது தேவைதான்.

இத்தனையும் திருத்தி, திரும்ப வேர்டில் கொண்டுபோய் வைத்து, "ஒருதரம் பார்த்திடுங்க சார்" என்று மரியாதையாக அனுப்பினேன். பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? "அழகு பண்ணி" அனுப்பினார்.

அந்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். தலைப்பு சிவப்பு. அதற்குக் கீழே அடிக்கோடு. அதுவும் போல்டில். எழுத்து 28 பாயின்ட். இரண்டு பக்கமும் நட்சத்திரம். அதை நடுவில் கொண்டுவருவதற்கு ஸ்பேஸ்பாரைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறார். வேர்டில் ஏ4 தாளுக்கு நடுவில் நிற்கும் சார், போனில் எதற்கு நடுவில் நிற்கும்? அந்த ஸ்பேஸெல்லாம் தளத்துக்கு வரும்போது ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் உடையாத இடைவெளியாக மாறித் தலைப்பைச் சுவரில் அடித்து மூன்று வரியாகச் சிதற விடும். சென்டர் என்று ஒரு பட்டன் பளிச்சென்று இருக்கிறது. என்ன பாவம் செய்தது அந்த ஸ்பேஸ்பார்?

போல்டு போட்டுப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. தளத்தில் கட்டுரையை ஏற்றுகிற எடிட்டரில் 'ஹெடிங்' என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்தலைப்புக்கு ஹெடிங் 2. அதைத் தேர்ந்தெடுத்தால், திரை படிக்கும் மென்பொருளோடு படிக்கிறவர்கள் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போக முடியும். கூகுளுக்கும் எது தலைப்பு, எது பத்தி என்று புரியும். போல்டைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது, கண் வலிக்கும், அவ்வளவுதான். அடிக்கோடு இன்னும் மோசம். தமிழில் கு, சு, மூ என்று பாதி எழுத்துக்குக் கீழே வால் இருக்கிறது. கோடு நேராக அந்த வாலிலேயே போய் விழுகிறது. சாய்வெழுத்தோ, கேட்கவே வேண்டாம். பெரும்பாலான தமிழ் ஃபான்டில் உண்மையான இட்டாலிக் கிடையாது, பிரவுசர்தான் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

அப்புறம் மஞ்சள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து.

"அருவிக் காட்சி வர்ற இடத்துக்கெல்லாம் மஞ்சள் குடுத்திருக்கேன்மா. மங்களகரமா இருக்கட்டும்னு."

மங்களகரமாகத்தான் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்று வலைத்தள அணுகல் விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் பளீர் மஞ்சள் 1.07க்கு 1. அதாவது ஒன்றுமே எழுதாமல் விட்டதற்கு அடுத்த படி. ஆகாயகங்கை கொட்டுகிற கட்டம்தான் கட்டுரையிலேயே நன்றாக எழுதியிருந்த இடம், சும்மா சொல்லவில்லை. அதைத்தான் கண்ணுக்குத் தெரியாமல் அடித்திருக்கிறார் மனிதர்.

வேர்டிலிருந்து அப்படியே காப்பி பண்ணிப் பல எடிட்டர்களில் ஒட்டினால் இந்தச் சீரெல்லாம் கூடவே வந்து குடியேறும். பக்கத்துக்குப் பின்னால் ஓடும் எச்டிஎம்எல் குறிமொழியைத் திறந்து பாருங்கள், பத்திக்குப் பத்தி 'எம்எஸ்ஓ நார்மல்' என்று உட்கார்ந்திருக்கும். பேர்தான் நார்மல். ஒரு வரித் தமிழுக்கு நான்கு வரிக் குப்பை. தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீமில் நீங்கள் என்ன ஃபான்ட் வைத்தாலும், என்ன அளவு வைத்தாலும், இந்தக் குப்பை அதை மதிக்காது. ஒரு பத்தி பெரிதாக, அடுத்த பத்தி பொடியாக, "ஏம்மா, என் தளம் மட்டும் இப்படி இருக்கு?" ஏனென்றால் சார், கண்ட்ரோல் வி-க்கு நடுவில் ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல் ஷிஃப்ட் வி. வெறும் எழுத்து மட்டும் ஒட்டும், சாயம் ஒட்டாது. அந்தச் சேர்க்கை வேலை செய்யாத இடத்தில் நோட்பேடில் ஒருதரம் ஒட்டி அங்கிருந்து எடுங்கள். முடிந்தது. இதற்காகத்தான் நான் பாதி ஞாயிறைத் தொலைத்தேன்.

இந்த ஒன்றை 'தொடக்கநிலையாளர்களுக்கு எளிய குறிப்புகள்' எழுதுகிற புண்ணியவான்கள் யாராவது முதல் வரியில் சொல்கிறார்களா? தளம் தொடங்குங்கள், லட்சம் லட்சமாகச் சம்பாதியுங்கள் என்பார்கள். மஞ்சளை எடு என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்.

எல்லாம் சுத்தம் செய்து ஏற்றிவிட்டு மூச்சு விட்டேன். போன்.

"அருமைம்மா! ஒரே ஒரு குறை. வலது பக்கம் ஓரம் கோணல்மாணலா இருக்கு. புத்தகத்துல இருக்கிற மாதிரி நேரா வரணும்."

ஜஸ்டிஃபை! இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் ஒரு வரிக்கு எட்டுச் சொல் நிற்கும், இடைவெளியைப் பங்குபோட்டால் தெரியாது. போனில் எத்தனை நிற்கும்? அதுவும் தமிழ். 'ஏறிக்கொண்டிருந்தபோதெல்லாம்' என்று ஒரு சொல் வந்தாலே வரி தீர்ந்தது. நாம் சொல்லாமல் பிரவுசர் சொல்லை உடைக்காது. அடுத்த சொல் அடுத்த வரிக்குப் போய்விட, மிச்சமிருக்கும் இரண்டு சொல்லும் ஆளுக்கொரு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் இலை போட்டும் ஆள் உட்காராத பந்தி மாதிரி வெறிச்சென்று கிடக்கும். இடதுபக்கம் நேர், வலதுபக்கம் அதுபாட்டுக்கு இருக்கட்டும், வரிக்கு வரி ஒன்றரை மடங்குக்குக் குறையாத இடைவெளி. கண் தானாகப் படித்துக்கொண்டு போகும்.

சொன்னேன். "நீ ஒருதரம் போட்டுத்தான் காட்டேன்" என்றார். போட்டுக் காட்டினேன். "பாத்தியா, எவ்வளவு நல்லா இருக்கு!"

நான் ஒன்றும் பேசவில்லை. படம் இருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டேன்.

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. சார் 70 படம் அனுப்பியிருந்தார். வளைவுக்கு ஒன்று! எல்லாம் பார்க்க ஒன்றுபோல் ஒரு ரோடு, ஒரு மஞ்சள் போர்டு, ஓரத்தில் சாரின் கட்டைவிரல். ஒவ்வொன்றும் 4 எம்பி. மொத்தம் 280 எம்பி. ஒரு கட்டுரை படிக்க வந்தவன் அன்றைய டேட்டாவில் ஒரு பங்கை ரோட்டுக்கே எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

"அதான் மூலையைப் புடிச்சு இழுத்துச் சின்னதாக்கிட்டேனேம்மா?"

சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே இறங்குவது அதே 4 எம்பி. ஏற்றுவதற்கு முன்னாலேயே அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் இருநூறு கேபி பக்கம் வந்துவிடும், போனில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கடைசியில் ஐந்து படம்தான் போட்டேன். 37ஆவது வளைவைக் காணோம் என்று வருத்தத்தில் இருக்கிறார்.

முடிவில் ஒரு கவிதை வேறு. வரிக்கு வரி என்டர் தட்டியதில் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, கவிதை ஆகாயகங்கையைவிட நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் இடைவெளி இல்லாமல் அடுத்த வரி வரும். இதைப் போனில் விளக்கியபோது அந்தப் பக்கம் குக்கர் விசில். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

பப்ளிஷ் பண்ணினேன். லிங்கை அனுப்பச் சொன்னார். அனுப்புவதற்குள் அவரே எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். தமிழ்த் தலைப்பே லிங்க்காகிவிட்டது. சதவீதக்குறி ஈ பூஜ்ஜியம், சதவீதக்குறி ஏஈ என்று திரையைத் தாண்டிப் போகிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் லிங்கில் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல் மட்டுமே 45. சாரின் தலைப்பு "கொல்லிமலையின் கொள்ளை அழகில் என் உள்ளம் பறிபோன கதை". கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியிடுவதற்கு முன்னால் லிங்க் பெட்டியில் இங்கிலீஷ் எழுத்தில் சின்னதாகக் கொல்லிமலை என்று அடித்திருந்தால் போதும். இப்போது மாற்றினால் குரூப்பில் போட்டது செத்துப்போகலாம். குரூப்பில் ஒருவர் கேட்கிறார், "அண்ணே, போன்ல வைரஸ் எதுவும் வந்துடாதே?"

சிரிப்புத்தான் வந்தது. எழுந்து டீக்கடைக்குப் போனேன். அங்கே என்ன வாழ்கிறது? ஒரு டீ 15 ரூபாய். கிளாஸ் கேட்டால் இல்லையாம், பேப்பர் கப்தானாம். பிடித்தால் கை சுடுகிறது, ஓரத்தில் பிடித்தால் கப் நசுங்குகிறது. ஆற்று ஆற்றென்று ஆற்றி மேலே பாதி நுரை. "அண்ணா, கொஞ்சம் டீ ஊத்துங்க" என்றால், "நுரை அடங்கினா சரியாயிடும்க்கா" என்கிறார். அடங்கியது. பார்த்தால் கப்பில் இரண்டு மடக்கு. நுரைக்கு எதற்குய்யா காசு?